இல்லைச் சான்றிதழ்

சேலத்தில் சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு அலுவலகத்தில்தான் இருந்தார்கள். வெள்ளைக்கல் வெட்டி முடித்த பழைய குழியின் அடியில் பாறையைக் குடைந்து அமைத்த மண்டல உடல்வரைவுக் காப்பகம் அது. குளிர் வைத்தது இயந்திரங்களுக்காக. மனிதர்களுக்கு ஸ்வெட்டர் கொடுத்துச் சமாளித்துவிட்டார்கள்.

சகாயமேரி அங்கே ஆறு வருடமாகத் தேடுநர். வேலையைச் சொல்வதென்றால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒரு எண்ணைக் கொடுப்பார்கள். அந்த எண்ணுள்ள ஃபைல் இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். இருக்கிறது என்றால் வெள்ளைச் சான்றிதழ். இல்லை என்றால் மஞ்சள்.

பதினெட்டு வயது ஆனதும் எல்லோரையும் ஒரு இயந்திரத்துக்குள் நாற்பது நிமிடம் படுக்க வைத்து, உடம்பை அணு அணுவாக வரைந்து ஒரே ஃபைலாகச் சேமித்து வைக்கிற காலம். பிற்பாடு ஈரலோ சிறுநீரகமோ கெட்டுப்போனால் அந்த ஃபைலைப் பார்த்துப் புதிதாக அச்சடித்துப் பொருத்திவிடுவார்கள். வியாதி வந்த பிறகு வரைந்து பயனில்லை. வியாதியையும் சேர்த்தே அச்சடித்துத் தரும். ஆகவே பழைய ஃபைல் கிடைத்தால் உயிர். மஞ்சள் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகிறவர்களிடம் டாக்டர்கள் அதற்குப் பிறகு வலிக்கு மட்டும்தான் மருந்து எழுதினார்கள்.

இதைத் தேட ஒரு மனுஷி எதற்கு என்று கேட்கலாம். முன்பு அறிவுள்ள மென்பொருள் ஒன்றுதான் தேடியது. அதற்கு ஒரே ஒரு குறை, இல்லை என்று சொல்ல வாய் வராது. ஃபைல் கிடைக்காவிட்டால் அண்டை அயலார் ஃபைல்களைப் பார்த்துத் தானே ஒன்றைத் தயார் செய்து, இந்தாருங்கள் என்று நீட்டிவிடும். மூன்று பேருக்கு யாருடையதுமல்லாத சிறுநீரகத்தைப் பொருத்திய பிறகு விஷயம் சந்தி சிரித்தது. உடனே சட்டம் வந்தது. இனிமேல் கருப்புத் திரையில், மனிதக் கையால், ஒரு வரிக் கட்டளை அடித்துத்தான் தேட வேண்டும். முடிவில் மனிதக் கையெழுத்து வேண்டும்.

தேடுவதும் லேசுப்பட்ட காரியமில்லை. மண்டலம், மாவட்டம், வட்டம், மருத்துவமனை, ஆண்டு, மாதம் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போகும். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாவட்டங்களைப் பிரிக்கிற ஆசை எந்த அரசுக்கும் விட்டதில்லை. ஒவ்வொரு முறை பிரித்தபோதும் பழைய மாவட்டத்தின் ஃபோல்டரை அப்படியே தூக்கிப் புதிய மாவட்டத்தின் வயிற்றுக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். சில இடங்களில் இருபத்திரண்டு படி கீழே இறங்க வேண்டும். கட்டளையை அடித்துவிட்டால் இயந்திரமே எல்லாப் படியும் இறங்கி ஏறி வந்துவிடும். நாற்பது நிமிடம் ஆகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தவள் பாவாயி. திருச்செங்கோட்டில் சொந்தமாக போர் வண்டி வைத்து ஊர் ஊராகக் குழாய்க்கிணறு போடுகிறவள். நாற்பத்திரண்டு வயது. வண்டியில் துளைபோடும் வேலை அவள் தம்பி அங்கப்பனுடையது. அவனுக்கு முப்பத்தொரு வயதில் ஈரல் போய்விட்டது.

மனுச் செய்தவர் தேடுநரின் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்று சட்டத்தில் இடமுண்டு. யாரும் உட்காருவதில்லை. காத்திருப்போர் அறையில் டீவி இருந்தது. பாவாயி மட்டும் அலுவலகம் கொடுத்த ஸ்வெட்டரைப் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபைல் வந்தாத்தான் அச்சுக்குப் போட முடியும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க மேடம். அதுக்கு மேல உடம்பு தாங்காதாம்."

"பாத்துடலாங்க" என்றாள் மேரி. கட்டளையை அடித்தாள். திரை அசையாமல் நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தொரு நிமிடம் கழித்து, ஒன்றும் சொல்லாமல், அடுத்த வேலை என்ன என்று கேட்பது போல வெறும் கோடு மட்டும் வந்து கண் சிமிட்டியது.

மேரிக்கு இந்த இடம் ஒருநாளும் பழகவில்லை. ஆறு வருடத்தில் நாற்பத்தொரு மஞ்சள் சான்றிதழ் எழுதியிருந்தாள். ஒவ்வொன்றையும் எழுதிய அன்று வீட்டில் சரியாகச் சாப்பிட்டதில்லை.

"மன்னிக்கணுங்க. உங்க தம்பி பதிவு இல்லை."

பாவாயி அழவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏனுங்க, எத்தன அடி போனீங்க?"

"புரியலைங்க."

"நாங்க ஒரு எடத்துல போர் போட்டுத் தண்ணி வரலீன்னா, 'ஆயிரத்து நூறு அடி, தண்ணி இல்லை'ன்னு எழுதிக் குடுத்துருவோமுங்க. அறநூறு அடியில தொளைக்கற பிட்டு ஒடஞ்சு நின்னுபோச்சுன்னா, 'அறநூறுல நின்னுபோச்சு'ன்னுதான் எழுதுவோம். தண்ணி இல்லைன்னு எழுத மாட்டோம். கீழ என்ன இருக்குதுன்னு எங்களுக்கே தெரியாதுல்லீங்க?"

"இங்க அப்படியெல்லாம் நிக்காதுங்க. எல்லா ஃபோல்டருக்குள்ளயும் போயிட்டுத்தான் வரும்." பாவாயி நம்பியதாகத் தெரியவில்லை. மேரி திரையைத் தொட்டுக் காட்டினாள். "இந்தா, இது தேடுன்னு சொல்றது. இது எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு. இது உங்க தம்பி நம்பர்."

"கடைசியில ஏதோ இருக்குதே?"

"அது வாலுங்க. நாங்க அப்படித்தான் சொல்லுவோம். திறக்க முடியாத ஃபோல்டர் வந்தா 'அனுமதி இல்லை'ன்னு ஒரு வரி வரும். ஆயிரக்கணக்குல வரும். திரை ரொம்பிப் போயி பதில் எதுன்னே தெரியாது. அதனால அந்த வரியெல்லாம் கண்ணுல படாம தூக்கிப் போடச் சொல்றதுக்குத்தான் இந்த..."

மேரி அத்துடன் நிறுத்திக்கொண்டாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

"அப்பப் பிட்டு ஒடஞ்சத எழுதறதில்லீங்களா?" என்றாள் பாவாயி. அதில் கோபம் எதுவும் இல்லை. தொழில் தெரிந்தவள் இன்னொரு தொழிலைப் பற்றிக் கேட்கிற கேள்வியாகத்தான் இருந்தது.

வால் எந்த விதிமுறைப் புத்தகத்திலும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கண்காணிப்பாளர் திருவேங்கடம் பக்கத்தில் நின்று, "இதையும் சேத்து அடிச்சுடும்மா, இல்லேன்னா குப்பையா வரும்" என்று சொல்லிக் கொடுத்தார். எல்லோருக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகு செருப்பு மாட்டுவது போல விரல் தானாகவே அடித்தது. அந்தக் குப்பையில் என்ன இருக்கிறது என்று ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அவள் பார்த்ததில்லை.

மேரி வாலை வெட்டிவிட்டு மறுபடி தேடினாள். இம்முறை திரை அசையாமல் நிற்கவில்லை. அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று மேலே ஓடிக்கொண்டே இருந்தது. முடிந்தபோது நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு வரி. அச்செடுத்து, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். அநேகமாக எல்லாமே உண்மையிலேயே குப்பைதான். இயந்திரம் தன் சொந்த வேலைக்காக வைத்திருக்கிற அறைகள், அங்கே யாருடைய உடம்பும் இருக்க முடியாது. அவற்றை அடித்துக்கொண்டே வந்தாள். பாவாயி பக்கத்தில் உட்கார்ந்து அடித்த தாள்களை ஒழுங்காக அடுக்கினாள். மதியச் சாப்பாட்டை இருவரும் மறந்துபோனார்கள்.

ஐம்பத்திரண்டாம் தாளில் ஒரு வரி அகப்பட்டது. நாமக்கல் ஃபோல்டருக்குள் 'பழையது', அதற்குள் 'பழையது இரண்டு', அதற்குள் 'தற்காலிகம்'. அனுமதி இல்லை.

ஃபோல்டரைத் திறக்காமல் வெளியிலிருந்து விசாரித்ததில் இரண்டு விவரம்தான் தெரிந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், கடைசியாக மாவட்டம் பிரித்த மாதத்தில் உண்டாக்கிய ஃபோல்டர். உண்டாக்கியவர் பிரிப்பு வேலைக்காக மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்த ஒருவர். ஃபைல்களை இடம் மாற்றும்போது கொஞ்ச நாளைக்கு இங்கே கிடக்கட்டும் என்று தன் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டிருக்கிறார். அவர் மட்டும்தான் திறக்க முடியும். ஒப்பந்தம் முடிந்து அவர் போய்விட்டார். அரசாங்கத்தில் தற்காலிகம் என்று பெயர் வைத்தது எதுதான் சீக்கிரம் தீர்ந்திருக்கிறது?

"திறந்துருவீங்களா?" என்று கேட்டாள் பாவாயி.

"நான் திறக்க முடியாதுங்க. இருங்க, வந்துடுறேன்."

திருவேங்கடத்துக்கு ஐம்பத்தேழு வயது. காப்பகம் தொடங்கிய காலத்திலிருந்து இருப்பவர். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மேரி சொன்னதை முழுவதும் கேட்டார். தாளை வாங்கி அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு மேஜையில் வைத்து, மேலே பேப்பர் வெயிட்டையும் வைத்தார்.

"தலைமையகத்துக்கு எழுதலாம்மா. அனுமதி வந்ததும் திறந்துக்கலாம்."

"எத்தன நாள் ஆகும் சார்?"

"ஆறு வாரம்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் சார் டயம் இருக்கு. எல்லாத்தையும் திறக்கிற பாஸ்வேர்ட் உங்க பீரோவுலதான் இருக்கு. அவசரத்துக்கு நீங்க எடுக்கலாம்னு விதி இருக்கே."

"எடுத்தா ஏன் எடுத்தோம்னு அறிக்கை எழுதணும். எழுதினா இதுவரைக்கும் குடுத்த மஞ்சள் சான்றிதழ் எல்லாமே கேள்விக்கு வரும். இந்தப் பன்னண்டு வருஷத்துல முன்னூத்தி ஏழு குடுத்திருக்கோம்."

கணக்கு நாக்கு நுனியில் இருந்தது. மேரிக்குச் சட்டென்று கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. சொல்லிவிட்டால் பழி அவரோடு போய்விடும். அவளுடைய நாற்பத்தொன்றும் மூடியபடியே கிடக்கும். அப்படித் தோன்றியதற்காக அவளுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

"முன்னூத்தி ஏழு பேருல ஒருத்தர்கூடவா சார் இன்னும் உயிரோட இருக்க மாட்டாங்க? டயாலிசிஸ்ல இழுத்துக்கிட்டுக் கிடக்கிறவங்க இருப்பாங்களே. அவங்களுக்கு இன்னைக்குச் சொன்னாலும் பிரயோஜனம்தானே?"

"இருப்பாங்க" என்றார். கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரில் துடைத்தார். "குணவதி இல்ல."

குணவதி அவர் மனைவி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இறந்துபோனது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். என்ன வியாதி என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"சிறுநீரகம்" என்றார் இப்போது. "அவ ஃபைலை நான்தான் தேடினேன். வேற யாரையும் நம்பல. கை தப்பா ஒரு எழுத்து அடிச்சுட்டா என்ன பண்றதுன்னு நானே உக்காந்தேன். மூணு தடவ தேடினேன். மூணு தடவயும் வாலோட. மஞ்சள் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டதும் நான்தான், வாங்கிக்கிட்டுப் போனதும் நான்தான்."

மேரி எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவ ஊரு பரமத்தி" என்றார் அவர். "பழைய நாமக்கல் ஃபோல்டர்ல இருக்க வேண்டியவ."

மேரி பேப்பர் வெயிட்டை எடுத்துவிட்டுத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சார், அந்தம்மா வெளிய உக்காந்திருக்காங்க" என்றாள் மேரி.

"தெரியுதும்மா." எழுந்தார். பீரோவைத் திறந்து அரக்கு முத்திரை வைத்த உறையை எடுத்தார். கிழிக்கும்போது உள்ளே இருந்த தாளும் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

பாவாயியின் பக்கத்தில் அவரே உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தார். 'தற்காலிகம்' எந்தச் சத்தமும் போடாமல் திறந்தது. அங்கப்பனின் எண்ணை மேரி படித்துச் சொல்ல, அவர் அடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு வரி வந்தது. பாதையின் கடைசியில் அங்கப்பனின் எண்.

"இதுதானுங்களா?" என்றாள் பாவாயி.

"இதுதாங்க. உங்க தம்பி பதினெட்டு வயசுல எப்படி இருந்தாரோ அது முழுசா இதுல இருக்கு."

பாவாயி திரையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஸ்வெட்டர் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மேரியும் அழுதாள். திருவேங்கடம் இருவரையும் பார்க்காமல் வெள்ளைச் சான்றிதழை நிரப்பினார். மாலை நாலு மணிக்குள் ஃபைல் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. பாவாயி ஸ்வெட்டரைக் கழற்ற மறந்து அதோடேயே பஸ் ஏறிப் போனாள்.

பாவாயியை வழியனுப்பிவிட்டு மேரி திரும்பி வந்தபோது திருவேங்கடம் அதே நாற்காலியில் இருந்தார். ஃபோல்டர் இன்னும் திறந்தே இருந்தது. இப்போது அதைப் பூட்டிவிட்டு, ஒரு ஃபைலை எடுக்கத் திறந்தோம், எடுத்தாயிற்று என்று இரண்டு வரியில் அறிக்கை முடித்துவிடலாம். தலைமையகத்தில் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். மேரிக்கு அது தெரியும். அவருக்கு அவளைவிட நன்றாகத் தெரியும்.

அவர் ஒரு எண்ணை அடித்தார். பன்னிரண்டு இலக்கம். எந்தத் தாளையும் பார்க்கவில்லை.

ஒரு வரி வந்தது.

அதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேரி கையைப் பிசைந்துகொண்டு பின்னால் நின்றாள். அவர் அழுவார் என்று நினைத்தாள். அவர் அழவில்லை.

"மீதி முன்னூத்தி ஆறையும் போட்டுப் பாத்துடு மேரி" என்றார். "நான் நம்பரு படிக்கிறேன்."

புதன்கிழமை மதியம் வரை ஆனது. முன்னூற்று ஏழில் அறுபத்து நாலு எண்கள் தற்காலிகத்துக்குள் இருந்தன. அதில் ஒன்பது மேரி கையெழுத்துப் போட்டவை. ஒன்பது பெயரும் அவளுக்கு நினைவிருந்தது. ஒருவர் கல்லூரி ஆசிரியர். மஞ்சள் சான்றிதழை வாங்கிக்கொண்டு, "சிரமம் குடுத்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர். மருத்துவமனைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு விசாரித்ததில் அறுபத்து நாலு பேரில் ஐந்து பேர் உயிரோடு இருந்தார்கள். ஆசிரியர் அந்த ஐந்தில் இல்லை. ஐந்து ஃபைலும் அன்றைக்கே மருத்துவமனைகளுக்குப் போயின.

மிச்சம் ஐம்பத்தொன்பது குடும்பங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். காப்பகத்தில் எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. நாங்கள் தவறு செய்துவிட்டோம் என்பதற்கு மட்டும் இல்லை. மேரியே ஒன்றை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். திருவேங்கடம் வாசித்தார். 'தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் தங்கள் உறவினரின் பதிவு அப்போது கண்டறியப்படவில்லை என்பதை வருத்தத்துடன்' என்று போயிற்று.

"இந்தக் கடிதம் என் வீட்டுக்கு வந்தா நான் கிழிச்சுப் போட்டுடுவேன்" என்றார். சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்துவிட்டுக் கீழே எழுதினார். 'பதிவு இங்கேயே இருந்தது. அந்த ஃபோல்டரை நாங்கள் திறந்து பார்க்கவில்லை. பார்க்காமலே இல்லை என்று எழுதிக் கொடுத்தோம்.'

"சார், இப்படி எழுதினா கேஸ் போடுவாங்க."

"போடட்டும்."

அவள் ஐம்பத்தொன்பது பிரதி எடுத்தாள். பெறுநர் பெயர்களைப் பட்டியலைப் பார்த்து நிரப்பிக்கொண்டு வந்தாள். குணவதியின் பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"எழுதும்மா. திரு. திருவேங்கடம், பதினாலு பார் மூணு, மேட்டுத் தெரு, அம்மாப்பேட்டை."

எழுதினாள். கீழே கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் மற்றவற்றுக்குப் போட்டது போலவே போட்டார். மேரி தாளை மடித்து அவரிடமே நீட்டினாள். அவர் கை நீட்டவில்லை.

"தபால்ல அனுப்பு. மத்தவங்களுக்கு எப்படிப் போகுதோ அப்படியே வரட்டும்."

மாலைத் தபாலில் ஐம்பத்தொன்பதும் போயின. வியாழக்கிழமை காலை திருச்செங்கோட்டிலிருந்து பாவாயி போன் செய்து, ஈரல் அச்சு ஓட ஆரம்பித்துவிட்டதாகவும், தம்பி வீடு திரும்பியதும் ஸ்வெட்டரைக் கொண்டு வந்து தருவதாகவும் சொன்னாள். மேரி அதைச் சொல்ல உள்ளே போனாள். திருவேங்கடம் சந்தோஷப்பட்டார். போகும்போது எடுத்துக்கொண்டு போ என்று ஒரு தாளை நகர்த்தினார். மறுநாள் வெள்ளிக்கிழமைக்கு அரை நாள் விடுப்பு விண்ணப்பம். முப்பத்து மூன்று வருடச் சர்வீஸில் அவர் விடுப்புக்குக் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் 'சொந்த வேலை' என்பதைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை.

இந்த முறை அந்தக் கட்டத்தில், 'வீட்டுக்குத் தபால் வரும்' என்று எழுதியிருந்தார்.